ஃபில்டருக்காக ஒரு திருகு

"திரும்பவும் கையை வெச்சாச்சா!" மார்லிஸ் பல்லைக் கடித்தாள்.

ஹைனர் அந்தப் பழைய சினிமா கேமராவில் கண்ணை வைத்து, நிதானமாக ஃபோகஸ் பார்த்துவிட்டு அப்போதுதான் நிமிர்ந்திருந்தார். உடனே அவர் மனைவி லிஸ்பெத் குனிந்து பார்த்து, லென்ஸ் வளையத்தைத் திருகிவிட்டார்.

"ஏங்க லிஸ்பெத், நாற்பது வருஷமா படம் எடுக்கிறவருக்குத் தெரியாததா?"

"லென்ஸுக்குப் பின்னாடி ஃபில்டர் இருக்கே, மார்லிஸ். அது ஃபோகஸைத் தள்ளிவிட்டுடும். அதுக்காக ஒரு மயிரிழை திருகணும்."

மயிரிழையாம்! கால் வட்டம் திருகியதை மார்லிஸ் கண்ணால் பார்த்தாள்.

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தார் ஹைனர். நல்ல மனுஷன், இப்படியா பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவது!

மேய்ச்சல் முடிந்து, பூச்சூடிய மாடுகள் மலையிலிருந்து ஊருக்குள் இறங்கும் நாள். வருஷத்துக்கு ஒரு தரம்தான். இருப்பதோ ஒரே ஃபிலிம் சுருள், மூன்று நிமிஷம்கூட ஓடாது. படம் கெட்டால் திரைப்படக் கழகத்துக்குச் செயலாளர் மார்லிஸ்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த வருஷம் இந்தம்மாவைக் கேமரா பக்கமே விடக்கூடாது. கமிட்டியில் சொல்லிவிட வேண்டியதுதான்.

மணியோசையோடு மாடுகள் வந்தன, போயின. சுருளும் தீர்ந்தது. லிஸ்பெத் மூவருக்கும் சாசேஜ் வாங்க வரிசையில் போய் நின்றார்.

கேமராவை எடுத்துவைக்கும்போது, ஃபில்டரைத் துடைக்கலாமே என்று அதன் சின்னச் சட்டத்தை மார்லிஸ் உருவினாள். விரல் சட்டத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தது.

"என்னங்க இது, ஃபில்டரே இல்லையே!"

"மெதுவா பேசும்மா." ஹைனர் வரிசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "கீறல் விழுந்துச்சுன்னு போன வருஷமே நான்தான் எடுத்துப் போட்டேன். சட்டம் இல்லாட்டி வெளிச்சம் புகுந்துடும்னு, வெறும் சட்டத்தை மட்டும் செருகி வெச்சேன்."

"அப்ப அவங்க திருகினது?"

"என் கண்ணு போச்சு, மார்லிஸ். ரெண்டு வருஷமா எல்லாமே கலங்கலாத்தான் தெரியுது. நான் வெக்கிற ஃபோகஸ் தப்புன்னு சொல்ல அவளுக்கு மனசு வரலை. ஃபில்டர் மேல பழியைப் போட்டுச் சரிபண்ணிடுறா."

மார்லிஸ் கையிலிருந்த வெறும் சட்டத்தைத் திருப்பிப் பார்த்தாள். "ஃபில்டர் இல்லைன்னு நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிட்டா, பாவம், அப்புறம் என்ன சாக்கு சொல்லி அந்த வளையத்தைத் தொடுவா?"

லிஸ்பெத் சாசேஜோடு வந்துவிட்டார். "என்ன, ஃபில்டரை வெளிய எடுத்தாச்சா?"

மார்லிஸ் சட்டத்தைச் சட்டென்று உள்ளே தள்ளினாள்.

"இல்லைங்க, அது அப்படியே இருக்கட்டும். அடுத்த வருஷமும் நீங்கதான் வந்து திருகணும்."