கோட்டையில் பெய்யாத மழை

வானொலியில் வரலாற்றுக் கதை சொல்லும் தேவசகாயம் களைத்துப்போய் வீடு வந்தபோது, மனைவி ஜெபமணி மூக்கை உறிஞ்சியபடி மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இன்னைக்கு உங்க கதையில கடைசியில மழை பெஞ்சு கோட்டை தப்பிச்சுதே! அழுதுட்டேன்.”

“மழையா? பெய்யவே இல்லையே.”

“நீங்கதானே சொன்னீங்க! அதுக்குள்ள மறந்துபோச்சா?”

அவர் மறக்கவில்லை. வானொலி நிலையம் இப்போதெல்லாம் கேட்பவரின் மனசுக்கு ஏற்றபடி, கணினியை வைத்து அவர் குரலிலேயே முடிவை மாற்றி ஒவ்வொருவருக்கும் அனுப்பிவிடுகிறது. ஜெபமணிக்குச் சோகம் ஆகாது.

அந்தக் கோட்டை ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்க அவருக்கு வருடக்கணக்கில் ஆனது. இவளுக்காவது தெரியட்டும் என்று அடுக்களைத் தரையில் உட்கார்ந்தார். எதிரி பீரங்கியால் சுடவே இல்லை. மலை ஓடையை மட்டும் வேறு பக்கம் திருப்பிவிட்டான். ஓடை நின்றதும் கோட்டைக் கிணற்றில் ஊற்று நின்றது. கடைசிக் குடமும் காலியானபின், உள்ளே இருந்தவர்களே கதவைத் திறந்தார்கள்.

ஜெபமணி குழாயை மூடிவிட்டு, அசையாமல் கேட்டாள்.

“இதுலதாங்க உயிரு இருக்கு,” என்றாள். “இதை ஏன் ரேடியோவுல சொல்லல?”

“இதைத்தான் சொன்னேன், ஜெபா.”