பூமிக்குத் திரும்ப வழியில்லை

"விண்கலத் தலைவன் மூக்கைச் சொறியக் கூடாதுடா! மறுபடியும் முதல்லேர்ந்து வா."

தையல்காரர் முக்காலியில் பொருத்தியிருந்த கைபேசியைச் சரிசெய்தார். எதிரே, வெள்ளிச் சாயம் பூசிய காய்கறிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, விண்கலத் தலைவனாக நின்றிருந்தார் அவருடைய பள்ளிக்கூடத்து நண்பரான லிஃப்ட் மெக்கானிக்.

"கூடை நெத்தியில குத்துது மாப்ளே. அந்தத் தொடர்ல நடிச்சவருக்கு ஒழுங்கான தலைக்கவசம் குடுத்திருந்தாங்க."

"அது அவங்க வீட்டுப் பணம். இது நம்ம வீட்டுக் கூடை. பேசாம நில்லு."

அவர்கள் நின்றிருந்த இடம், ஓர் உயரமான குடியிருப்பின் உச்சியில், லிஃப்டுகளை இயக்கும் பொறிகள் வைத்த அறை. இருந்த இரண்டு லிஃப்டுகளில் ஒன்றைப் பராமரிப்புக்காக நிறுத்தும் நாள் அது. அதன் மின்சாரத்தைத் துண்டித்து, கீழே கதவில் 'பழுதுபார்ப்பு' என்ற அட்டையையும் மாட்டிவிட்டு வந்திருந்தார் மெக்கானிக். ஆகவே, பொத்தான்களும் பேசும் கருவியும் கொண்ட அதன் இயக்குபெட்டி, செலவில்லாமல் விண்கலத்தின் இயக்குபெட்டியாகிவிட்டது. முந்தின நாளே இருவருமாக அறையிலிருந்த பெட்டிகள் அனைத்தின்மீதும் வெள்ளித்தாளை ஒட்டி, பொத்தான்களுக்கு மட்டும் துளை விட்டிருந்தனர்.

சிறுவயதில் இருவரையும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கட்டிப்போட்ட விண்வெளித் தொடர் ஒன்றை நகைச்சுவைப் படமாக்கி, ரசிகர் கூட்டத்தில் திரையிட வேண்டும் என்பது தையல்காரரின் நெடுநாள் ஆசை. கடையில் மீந்த திரைச்சீலைத் துணியிலேயே உடைகளைத் தைத்து முடித்துவிட்டார். தடை ஒன்றே ஒன்றுதான். தொடரை எழுதிய அம்மையார் இதுவரை எவருக்கும் அனுமதி அளித்ததில்லை. இவர் விடாமல் கேட்டதன்பேரில், இறுதியாக ஒரு நிபந்தனை விதித்திருந்தார்.

"நாலு மணிக்கு வர்றேன். ஒரு காட்சி நடிச்சுக் காட்டுங்க. எனக்குச் சிரிப்பு வந்தா படத்தை எடுத்துக்குங்க. வரலைன்னா, என் கதையை அதோட விட்டுடணும்."

அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பது ரசிகர்களிடையே வழங்கிய பேச்சு.

மணி நான்கைக் கடந்து வெகுநேரமாகியும் அம்மையாரைக் காணோம். அழைத்துப் பார்த்தால், தொடர்புகொள்ள இயலவில்லை என்றே கைபேசி பதில் சொன்னது.

"வருவாங்களாடா?" என்றார் மெக்கானிக்.

"வருவாங்க. அதுவரைக்கும் ஒத்திகை பாரு. அவங்க முன்னாடி உளறினே, தொலைச்சுடுவேன்."

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டு, பேசும் கருவியை வாயருகே பிடித்தார்.

"பயணிகளே! இந்தக் கப்பலை ஓட்டுபவன் நான்தான். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆயினும் கவலை வேண்டாம். இதோ, மேலே போகிறோம்!"

பொத்தானை அழுத்தினார். அறைக்குள் பொறி ஒன்று உறுமியது.

"அது என்னடா, நீ வாயைத் திறந்தாலே அதுவும் கத்துது?"

"அது பக்கத்து லிஃப்ட். ஜனங்க போக வர இருக்க மாட்டாங்களா?"

"சரி, இருக்கட்டும். நிஜக் கப்பல் மாதிரியே உறுமுது. நிறுத்தாதே, போ."

"பயணிகளே! தவறான பொத்தானை அழுத்திவிட்டேன். கீழே போகிறோம்! இல்லை, மறுபடியும் மேலே! பூமிக்குத் திரும்ப வழியில்லை. சாப்பாடும் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவர் எத்தனை கிலோ என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்!"

எங்கோ மணி ஒன்று விடாமல் அடித்தது.

"யாரு வீட்டு மணியோ," என்றார் மெக்கானிக்.

"அடிச்சா அடிக்கட்டும். அபாய மணி மாதிரி சரியான இடத்துல வந்து விழுந்துது. இன்னொரு தடவை போ."

இன்னொரு தடவை, அதற்கும் பிறகு இன்னொரு தடவை என்று கப்பல் பலமுறை மேலேறிக் கீழிறங்கியது. நடிப்பு மெருகேறிக்கொண்டே வந்தது. பார்க்க வேண்டியவர் மட்டும் வரவில்லை. கடைசியில் தையல்காரர் கைபேசியை முக்காலியிலிருந்து கழற்றினார்.

"போதும்டா. கூடையை எடுத்துடு."

"இன்னும் கொஞ்ச நேரம் பாப்போமே மாப்ளே."

"வர மாட்டாங்க. கூடையைக் கவுத்துக்கிட்டு ஒருத்தன் நிக்கறதைப் பாக்க, அவ்வளவு பெரிய எழுத்தாளர் மாடி ஏறி வரணுமா? நினைச்சது என் தப்பு."

மெக்கானிக் கூடையைக் கழற்றிக் கீழே வைத்தார். தையல்காரர் உடைகளைத் தையல் கலையாமல் ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தார். அனுமதியில்லாத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பதிவானவற்றை அழித்துவிடுவது என்று அவர் கைபேசியைத் தொட்ட நேரத்தில், கதவைத் தள்ளிக்கொண்டு வாட்ச்மேன் வந்தார். படிகளில் ஓடிவந்ததில் அவருக்கு மூச்சிரைத்தது.

"அண்ணே! ரெண்டாம் நம்பர் லிஃப்டுக்கு என்ன ஆச்சு? அப்பலேர்ந்து மேலயும் கீழயும் ஓடிட்டே இருக்கு, கதவு மட்டும் திறக்க மாட்டேங்குது. உள்ள ஸ்பீக்கர்ல வேற எவனோ கன்னாபின்னான்னு பேசறானாம்!"

"நான் நிறுத்தினது ஒண்ணாம் நம்பரைத்தானே," என்றபடி மெக்கானிக் தம் முன்னிருந்த பெட்டியின் நெற்றியில் ஒட்டிய வெள்ளித்தாளைக் கிழித்தார். அடியில், கொட்டை எழுத்தில், இரண்டு என்று இருந்தது.

அவர் கையிலிருந்த கருவி நழுவித் தொங்கியது. "உள்ள... ஆள் இருக்காங்களா?"

"ரெண்டு பேரு. அஞ்சாம் மாடிக்காரர் ஓன்னு அழறாரு, கூட இருக்கற அம்மா தன்னையே ஏற இறங்கப் பாக்கறாங்கன்னு. ஆனா எனக்கு அந்த அம்மாவை நினைச்சாத்தான் பயமா இருக்குண்ணே. யாரோ கதை எழுதறவங்களாம், உங்களைப் பாக்கத்தான் வந்தாங்களாம். ஆளைக் கூட்டிவந்து கதவைத் திறக்கறேம்மான்னு சொன்னா, விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டே, 'அதெல்லாம் மெதுவா ஆகட்டும்பா, முதல்ல மேல போய் இன்னொரு தடவை பேசச் சொல்லு'ங்கறாங்க!"