ஆவித் தொட்டி

“குழாத் தண்ணி ஊத்தாதியன்னு எத்தன மட்டம் சொல்லிருக்கேன்க்கா...”

“நான் எங்க தம்பி ஊத்துனேன், நீங்க கேக்காமலே...”

“அப்ப இது என்ன?”

ஏசி மெக்கானிக் எபினேசர் கை நீட்டிக் காட்டினான். தீவிர சிகிச்சைப் பிரிவின் ஏசிக் காற்று வறண்டுவிடாமல் ஆவி விடும் தொட்டி அது. அடியில் மண் படிந்து, ஹீட்டர் கருகிப்போயிருந்தது. தினமும் பில்டரைக் கழுவி மாட்டுவதும், தொட்டியில் சுத்தத் தண்ணீர் ஊற்றுவதும் துப்புரவுப் பணியாளர் சுப்புத்தாயின் வேலை.

“மேனேஜர்ட்ட சொல்லத்தான் போறேன்.”

“சொல்லிராதிய தம்பி. இந்த வேலைய விட்டா எனக்கு நாதி கெடையாது.”

“அப்ப நடந்ததச் சொல்லுங்க.”

அவள் குரல் தாழ்ந்தது. “சீக்குக்குக் கரைச்சுக் குடிப்பாங்கல்லா, நம்ம கோமதியம்மன் கோயில் புத்துமண்ணு. அதத்தான் மூணு நாளாக் கரைச்சு ஊத்துனேன்.”

“உள்ள உங்க சொந்தக்காரங்க யாரும் கெடக்காங்களா?”

“சொந்தம் இல்ல.”

“பின்ன யாருக்கு?”

சுப்புத்தாய் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மூன்றாவது கட்டிலைப் பார்த்தாள்.

“உங்க மவனுக்குத்தான். நாலு நாளாக் கண்ணு தொறக்கலயே பிள்ள. நீங்க சர்ச்சுக்குப் போறவிய, கையில குடுத்தா வாங்கமாட்டியன்னுதான் ஆவியில கலந்து விட்டேன்.”