கூட்டேரிப்பட்டு லைவ்

லாரியின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே படுதா போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. ஜெகதீசனுக்கு வேறென்ன வேண்டும்? பைக்கைக் குறுக்கே நிறுத்தி, கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டிலேயே லாரியை மடக்கிவிட்டார்.

"ஆத்து மணலு! ஈரம்கூட காயல, அள்ளிக்கினு வந்துட்டான்!"

"சார், இது வந்து..." என்று டிரைவர் சவுரிராயன் தலையை நீட்டினார்.

"வாய மூடு. எதுவா இருந்தாலும் ரெவின்யூ ஆர்.ஐ. வருவாரு, அவருகிட்ட சொல்லு."

ஜெகதீசன் கட்சிக்குப் போஸ்டர் ஒட்டியே தலை நரைத்தவர். இந்த முறையும் கவுன்சிலர் சீட்டு கைநழுவினால் வீட்டில் சோறு கிடைப்பதே சந்தேகம். மாவட்டச் செயலாளர், கட்சிக்காரர்கள் வாயில் சுருக்கமாக 'மாவட்டம்', இன்று மயிலத்தில் மரக்கன்று நட வருகிறார். ஏற்பாடு முழுக்க ஜெகதீசனுடையது.

அங்கே போகும் வழியில்தான் இந்த லாரி மாட்டியது. விழாவில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பதைவிட, மணல் லாரியை மடக்கிய வீரனாக நிற்பது மேல் என்று மனுஷன் முடிவு கட்டிவிட்டார்.

உள்ளூர் யூடியூப் நிருபர் சித்தார்த்தன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"வணக்கம் நேயர்களே! திண்டிவனம் மல்லாட்டை மூட்டை விலை, கோலியனூர் கோஷ்டிச் சண்டை எல்லாம் அப்புறம். இப்ப சுடச்சுட மணல் கொள்ளை! அண்ணே, படுதாவ அவுத்துக் காட்டலாமா?"

"அவுக்காத! ஆபீசர் அவுத்தாத்தான் கேஸ் நிக்கும்."

அப்போது ஜெகதீசனின் போன் அடித்தது. மயிலத்தில் விழாவைப் பார்த்துக்கொள்ளும் மனைவி கிருஷ்ணவேணி.

"ஏங்க, இங்க ஒரே பேஜாரா..."

"லைவ்ல இருக்கேன் வேணி. எதுவா இருந்தாலும் நீயே சமாளி."

அதன்பின் வேறு யாரோ விடாமல் கூப்பிட்டார்கள். லைவில் இருக்கும் தலைவர் போனை எடுப்பாரா? பெயரைக்கூடப் பார்க்காமல் வெட்டிக்கொண்டே இருந்தார்.

வெயில் ஏறியபோது கிருஷ்ணவேணியே மறுபடி கூப்பிட்டாள். "சமாளிச்சிட்டேன். மாவட்டம் நட்டு முடிச்சிட்டு அங்கதான் வந்துக்கினு இருக்காரு. நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க..."

கேட்பதற்குள் மாவட்டத்தின் கார் வந்துவிட்டது. ஜெகதீசன் போனை அணைத்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மாவட்டம் விரலெல்லாம் சேற்றோடு இறங்கினார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"அங்க உன் வீட்டம்மா வரிசையா நட வெச்சாங்க. இங்க நீ லாரிய மடக்கிக்கினு நிக்கிற. கட்சிக்கு இப்படியாப்பட்ட குடும்பம்தான்யா வேணும்! கன்னுங்கதான் வெயில்ல கொஞ்சம் துவண்டு கெடக்குது, பக்கத்துல இருக்கிற வேப்பமரமும் கெளையில்லாம மொட்டையா நிக்குது, தண்ணி ஊத்தச் சொல்லு. சீட்டு உனக்குத்தான், போ!"

ஜெகதீசனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை காலம் பசை வாளியைச் சுமந்தார்!

ஆர்.ஐ. ஜீப்பில் வந்து இறங்கினார். சித்தார்த்தன் செல்போனோடு டயர்மேல் ஏறி நின்றார். ஊரே பார்க்க, ஆர்.ஐ. கயிற்றை அவிழ்த்துப் படுதாவை விலக்கினார்.

உள்ளே பச்சைப்பசேலென்று மரக்கன்றுகள். ஒவ்வொரு கறுப்புப் பையிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"இதத்தான் சார் காலையிலேர்ந்து சொல்ல வர்றேன்," என்றார் சவுரிராயன் பரிதாபமாக. "நர்சரியிலேர்ந்து வர்றேன். மயிலம் விழாவுக்கு ஜெகதீசன்னு ஒருத்தரு ஆர்டர் குடுத்தாராம். எங்க ஓனர் போன் மேல போன் போட்டாலும் அந்த ஆளு கட் பண்ணிக்கினே இருக்காராம்."

சித்தார்த்தன் லைவை நிறுத்தவில்லை.

மாவட்டம் லாரிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த சேற்றைப் பார்த்தார்.

"அப்ப நான் அங்க நட்டுட்டு வந்தது என்னாய்யா?"