சாப்ட்வேருக்குள் போன குடோன்

"அண்ணே, குடோன்ல எந்த மூட்டை எந்த ஊரு நெல்லுன்னு எப்பிடிக் கண்டுபிடிக்கிறீங்க? கொஞ்சம் சொல்லுங்களேன். பேங்க்ல கேக்குறாங்க."

"பேங்க்லயா?" சார்லஸ் அவளை ஒரு தரம் பார்த்தார். "சரி, எழுதிக்கோம்மா."

இவ்வளவு சுலபமாக வேலை முடியும் என்று அர்ச்சனா நினைக்கவில்லை. பேங்காவது ஒன்றாவது! அத்தனையும் பொய்.

கிருமாம்பாக்கத்து ரைஸ் மில்லில் பில் போடுகிறவள் அவள். குடோன் சார்லஸ் பொறுப்பு. மில்லுக்கு நல்ல சாப்ட்வேர் எங்கே கிடைக்கும், என்னென்ன வசதி என்று விசாரித்து வைக்கச் சொல்லியிருந்தார் முதலாளி சுப்புராயன். அவளும் நெட்டில் தேடி, நாலைந்து கம்பெனிக்குப் போன் போட்டு, கடைசியில் ஒரு சென்னைக் கம்பெனியைப் பிடித்தாள்.

அந்தக் கம்பெனி ஆள் மணிபாரதி வீடியோ காலில் தேனொழுகப் பேசினான்.

"பில்லிங் உடனே போட்டுடலாம் மேடம். குடோன்தான் சிக்கல். உங்க ஆளு மூட்டைகளை எப்படிப் பிரிக்கிறாருன்னு தெரிஞ்சாத்தான் உள்ள ஏத்த முடியும். ஏத்திட்டா அப்புறம் அவரு தேவையே இல்ல."

கடைசி வார்த்தை அர்ச்சனாவைச் சுருக்கென்று குத்தியது. சார்லஸ் அவளைத் தங்கை மாதிரி நடத்துகிறவர். ஆனால் அவள் நிலைமை அப்படி. புருஷன் பைக்கில் விழுந்து, காலில் பிளேட் வைத்து, மாதக்கணக்காகக் கட்டிலில் கிடக்கிறான். முதலாளி சொன்ன வேலையைச் செய்யாமல் கெட்ட பேர் எடுக்க முடியுமா? அதனால்தான் பேங்கை இழுத்தாள்.

சார்லஸ் விவரமாகச் சொன்னார். சூட்சுமம் மூட்டையின் வாயைத் தைக்கிற நூலில் இருந்தது. செலியமேட்டு நெல்லுக்குச் சிவப்பு நூல், பாகூர் நெல்லுக்குப் பச்சை. ஈரத்தோடு வந்தது என்றால் ஓரத்தில் ரெண்டு முடிச்சு. மற்றவர்கள் கண்ணுக்கு எல்லாம் ஒரே சாக்கு மூட்டைதான்.

மறுநாள் அவரே தேடிக்கொண்டு வந்தார்.

"நேத்து ஒண்ணு வுட்டுட்டேம்மா. வெதநெல்லுக்கு வெள்ளை நூலு. அதையும் சேத்துக்கோ. இல்லாங்காட்டி கொயம்பிப் பூடும்."

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனுஷன். சொந்தக் காசிலேயே சூனியம் வைத்துக்கொள்கிறாரே என்று அவளுக்கு எரிச்சலாகக்கூட வந்தது. கொஞ்சம் விவரமாக இருக்கக் கூடாதா? எதையாவது மறைத்து வைத்துக்கொண்டால் ஆகாதா?

ஒரு நாள் உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அண்ணே..."

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்லண்ணே. டீ சொல்லட்டுமா?"

சாப்ட்வேர் வந்தது. மூட்டைக்கு மூட்டை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நூலின் நிறத்தை இனி யாரும் பார்க்க வேண்டியதில்லை. அந்த அறுவடை முடிந்ததும் முதலாளி சார்லஸைக் கூப்பிட்டுப் பேசினார்.

வெளியே வந்தவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை.

"வரேம்மா. சிஸ்டத்துல எதுனா மாட்டிக்கிச்சின்னா போன் பண்ணு, சொல்றேன்."

அர்ச்சனாவால் தலை நிமிர முடியவில்லை. ஒரு 'போயிட்டு வாங்கண்ணே' கூடச் சொல்லவில்லை பாவி.

சார்லஸ் இப்போது பனித்திட்டு மீனவக் குப்பத்தில் மீனுக்கு ஐஸ் பெட்டி தூக்குகிறார் என்று லாரி டிரைவர் எழிலரசன் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னான். அன்றைக்கே அவள் நேராக முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"சார், நான் தப்புப் பண்ணிட்டேன். பேங்குக்குன்னு பொய் சொல்லித்தான் சார்லஸ் அண்ணன் கிட்ட எல்லாத்தையும் கறந்தேன். பாவம், அவரு தெரியாம சொல்லிட்டாரு. அவரத் திரும்பக் கூப்புடுங்க சார்."

"தெரியாமலா?" சுப்புராயன் கண்ணாடியைக் கழற்றினார். "உன்னை விசாரிக்கச் சொன்ன அன்னிக்கே அவனைக் கூப்ட்டு சொல்லிட்டேம்மா."

"இன்னா சார் சொன்னீங்க?"

"சாப்ட்வேர் வந்தா ஒரு ஆளைத்தான் வெச்சிக்க முடியும்னேன். 'சார்லஸு, பில்லு மட்டும் ஏறிச்சின்னா அதை நீயே தட்டிக்கலாம், அந்தப் பொண்ணு போவும். குடோனும் ஏறிடிச்சின்னா ரெண்டையும் அவளே பாத்துக்குவா, நீ போவணும்'னு சொன்னேன். பழைய ஆளாச்சே, வுட எனக்கு மனசில்ல. அதனால அவ வந்து கேட்டா வாயத் தொறக்காதடான்னு படிச்சிப் படிச்சி சொன்னேன்."

 

"அப்ப ஏன் சார் அண்ணன் என்கிட்ட...?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'அந்த வூட்ல இப்ப சம்பாரிக்கிறது அது ஒருத்திதான் சார். எனக்குக் கையி காலு நல்லாத்தானே இருக்குது'ன்னுட்டுப் போயிட்டான்."