பகலில் ஆளில்லாத ஊர்

“காசு காணாது. அதாலை விட்டிட்டன். அப்பிடியே எழுதும், பிள்ளை.”

சொல்லிவிட்டுக் கிறிஸ்துநாயகம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். தேநீர் கொண்டுவந்த அவருடைய தங்கை அன்ரனெற், கோப்பையை வைக்காமல் ஒரு கணம் அப்படியே நின்றாள்; பிறகு அதை வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

நிலாணி எழுதவில்லை. பல்கலைக்கழக விடுமுறையில் அவளுக்குக் கிடைத்த வேலை இது. ரொறன்ரோவுக்கு வடக்கே, ஒன்றரை மணி நேரக் கார் ஓட்டத்தில் இருக்கும் ஒரு சிற்றூரில் தீயணைக்கும் தொண்டர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருந்தார்கள். ஏன் போகிறார்கள், என்ன கொடுத்தால் நிற்பார்கள் என்று விலகியவர்களிடமே கேட்டுவரும்படி அந்த ஊர்ச்சபை அவளை அனுப்பியிருந்தது. கொடுத்த பெயர்களில் ஒன்று தமிழ்ப் பெயர் என்றதும், அவள் முதலில் வந்தது ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் இருந்த இந்த வீட்டுக்குத்தான்.

“எவ்வளவு தந்தவை, அங்கிள்?”

“தீயெண்டு கூப்பிடுற ஒவ்வொரு கோலுக்கும் போனா இவ்வளவெண்டு ஒரு கணக்கு. வருசக் கடைசியிலை மொத்தமா ஒரு செக். நத்தாருக்கு ஒரு வான்கோழி.”

“அதைக் கூட்டித் தந்தா திரும்பிப் போவீங்களோ?”

“இல்லை.”

“அப்ப பிரச்சினை காசில்லையே.”

அவர் தேநீரைத் தொடவில்லை. பிறகு, யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பவர்போலப் பேசத் தொடங்கினார்.

“அங்கை நான் பெற்றோல் அடிக்கிற காஸ் ஸ்ரேசன் நடத்தினனான். காஸ் அடிக்க வந்த தீயணைப்புச் சீஃப் ஒருநாள் என்னைச் சேரச் சொல்லிக் கேட்டவன். நான் பலசாலி எண்டு கேக்கேல்லை. பகலிலை ஊரிலை நிக்கிறன் எண்டுதான் கேட்டவன்.”

“ஏன், மற்ற ஆக்கள்?”

“எல்லாரும் விடியவெள்ளன வேலைக்கு ரொறன்ரோவுக்கு வெளிக்கிட்டிடுவினம். இரவிலை பத்திக்கொண்டா பதினைஞ்சு பேர் ஓடிவருவினம். பகலிலை நானும் ஸ்கூல் பஸ் ஓடுற ஒரு கிழவனும்தான்.”

“பகலிலை பத்தினா?”

“பத்தினது.”

அன்ரனெற் மெதுவாக எழுந்து குசினிக்குள் போனாள்.

“மாசி மாதம். நல்ல ஸ்னோ. பேஜர் அடிச்சு விலாசம் சொல்லிச்சுது. காஸ் ஸ்ரேசனைத் திறந்தபடி விட்டிட்டு ஓடினன். கிழவன் பஸ்ஸிலை பிள்ளையளோடை நிண்டவன், வரேலாது. தீயணைப்பு வண்டியை நானே எடுத்தன்.”

“வீட்டுக்குள்ளை ஆக்கள் இருந்தவையோ?”

“ஒரு பொம்பிளை. இரவு வேலை முடிச்சு வந்து மேல்மாடியிலை படுத்திருந்தவ. வெளிச்சம் கூடாதெண்டு எப்பவும் கதவைச் சாத்திக்கொண்டுதான் படுப்பா.”

“உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களோ, அங்கிள்?”

“சின்ன ஊர், பிள்ளை. எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள்தான்.”

நிலாணி பேனாவை மூடி வைத்தாள்.

“தனிய உள்ளை போகக்கூடாது. பின்னாலை தண்ணிக் குழாயோடை ஒராள் நிக்கவேணும். அப்பிடித்தான் எங்களுக்குப் பழக்கினவை. நான் போனன். படியடி மட்டும் போனன். புகையிலை என்ரை கையே எனக்குத் தெரியேல்லை. திரும்பி வந்திட்டன்.” அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “பக்கத்து ஊர் வண்டி வரேக்கை கூரை இறங்கிப்போச்சு.”

“அது உங்கடை பிழை இல்லை, அங்கிள்.”

“ஓம். சீஃபும் உப்பிடித்தான் சொன்னவன். சித்திரையிலை தொண்டர் எல்லாருக்கும் ஒரு விருந்து வைச்சவை. என்னைக் கூப்பிட்டு, அஞ்சு வருசம் நிண்டதுக்கெண்டு ஒரு மெடல் குத்திவிட்டவை. எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்டினவை. அடுத்தநாள் பேஜரைக் குடுத்திட்டு இஞ்சை தங்கச்சியிட்டை வந்திட்டன்.”

எதிர் வீட்டுக்காரன் புல் வெட்டும் சத்தம் கேட்டது. 

“நீர் காசெண்டே எழுதும், பிள்ளை” என்றார் அவர். “காசெண்டா அவைக்கு விளங்கும்.”

நிலாணி விடைபெற்று எழுந்தாள். வாசல்வரை கூட வந்த அன்ரனெற், கதவை மெல்ல இழுத்துச் சாத்திவிட்டு அவளோடு வெளியே நின்றாள்.

நிலாணியின் கண்கள் கலங்கியிருந்தன. “நான் இதைக் காசெண்டு எழுதமாட்டன், அன்ரி. மெடலும் வான்கோழியும் ஆருக்கு வேணும்? பகலுக்கு எண்டு சம்பளம் குடுத்து நாலு பேரை வைக்கச் சொல்லி எழுதப்போறன்.”

“எழுதும். ஆனா, கேப்பினமோ?”

“நான் எழுதினா கேக்கமாட்டினம். அங்கிள் சொன்னாலும், விட்டிட்டுப் போனவர்தானே எண்டுதான் சொல்லுவினம்.” அவள் படியில் இறங்கியவள் திரும்பினாள். “செத்துப்போன அந்தப் பொம்பிளையின்ரை மனுசன் வந்து சபையிலை நிண்டு சொன்னா, ஒருத்தராலும் மறுக்கேலாது. அவர் இப்ப எங்கை இருக்கிறாரெண்டு அங்கிளுக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்கள் ஒருக்காக் கேட்டுச் சொல்லுவீங்களோ, அன்ரி? நான் அவரோடை கதைக்கவேணும்.”

அன்ரனெற் யன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். அண்ணன் அதே கதிரையில், ஆறிப்போன தேநீருக்கு முன்னால், அசையாமல் இருந்தார்.

“இவ்வளவு நேரமும் அவரோடைதானே, பிள்ளை, கதைச்சனீர்.”