டீச்சர் மேல் புகார்

"நல்லாப் பாருங்க டாக்டர். முதுகு, காலெல்லாம் எப்புடிக் கன்னிப்போயிருக்கு! டீச்சர் அடிச்சதுதான்னு எழுதிக் குடுங்க. பெரம்பலூர் ஸ்டேஷன்ல கேக்குறாங்க" என்றாள் ஜோதி.

"எம் புள்ளைங்க மேல சத்தியம், நான் தொட்டதே இல்ல சார்" என்றாள், பின்னாலேயே பஸ் ஏறி வந்திருந்த டீச்சர் சுகன்யா.

"நீ வாயத் தொறக்காத!"

டாக்டர் ஜோதியின் ஏழு வயது மகள் அகல்யாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். வயிற்றை அழுத்தினார்.

"அங்கல்லாம் அடிபடலைங்களே?"

"இது அடியே இல்லம்மா. கழுத்துல நெறி கட்டியிருக்கு, மண்ணீரல் வீங்கியிருக்கு. ரத்தப் புற்றுநோயோன்னு சந்தேகமா இருக்கு. இன்னைக்கே திருச்சிக்குக் கூட்டிட்டுப் போங்க."

ஜோதி எழுந்துபோய் டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கேஸை நான் வாபஸ் வாங்கிடறேன் டீச்சர். நீங்கதான் அடிச்சீங்கன்னு மட்டும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க."